மூழ்கிப்போன பாட்டில்

அம்மான் நகரின் அந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி நிறைந்துவிட்டால் அந்த வாரம் ஓடிவிடும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய இப்திசாம் படியேறிப் போய், தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படி கட்டியவனைத் திட்டிக்கொண்டே வருவாள்.

"வீட்டில் ஒரு தொல்லையைக் கண்டுபிடியுங்கள், நீங்களே தீர்த்து வையுங்கள்" என்று அறிவியல் டீச்சர் சொன்னதும், அவள் மகள் ரீமாஸுக்கு அந்த முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. பாட்டிலில் ஒரு பிடி மணல் போட்டு இறுக மூடி, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் மிதக்கவிட்டாள். கயிறு ஒரு கப்பி மேல் ஓடி, சுவருக்கு வெளியே இறங்கியது. அந்த முனையில் ஒரு சிறு கல்லும் சிவப்புத் துணியும். தண்ணீர் ஏறினால் பாட்டில் ஏறும், துணி இறங்கும். சமையலறை ஜன்னலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை அது வேலை செய்வதைப் போனில் படம் பிடித்து, மறுநாள் வகுப்பில் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் பள்ளியின் அறிவியல் குழுவில் இடம். மனப்பாடம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ரீமாஸை இதுவரை எந்தக் குழுவிலும் யாரும் சேர்த்ததில்லை.

இதெல்லாம் படிப்பா என்று அவள் அப்பா முன்திருக்குச் சந்தேகம். அவர் படித்த காலத்தில் வாத்தியார் மாதுளைக் குச்சியோடு நிற்பார். வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். ஒரு சொல் மாறினால் கை சிவக்கும். அதனால்தான் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மிதப்பு விதியை முழுதாகச் சொல்வார். மகள் தன் திட்டத்தை விளக்கியபோது அவர் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டே தலையாட்டியிருந்தார். தண்ணீர்ச் சிக்கனம், பாட்டில் என்பதுதான் மனதில் நின்றது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தொட்டியின் வால்வைத் திறக்க மாடிக்குப் போனவர் பாட்டிலைப் பார்த்தார். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள் கூழாங்கல் நிரப்பிய பாட்டிலை வைத்துத் தண்ணீர் மிச்சம் பிடிப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பிள்ளை அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறாள், கயிறு வெளியே எடுப்பதற்கு, கல் போட மறந்துவிட்டாள் என்று நினைத்தார். பூந்தொட்டியிலிருந்து கூழாங்கற்களை அள்ளி வாய்வரை நிரப்பி, தண்ணீரும் ஊற்றி, மூடி உள்ளே விட்டார். மகளுக்கு உதவிய திருப்தியோடு இறங்கி வந்து தேநீர் குடித்தார்.

குழாயில் தண்ணீர் வந்தது. துணியோ உச்சியிலேயே நின்றது. போனும் கையுமாக ஜன்னலில் காத்திருந்த ரீமாஸின் முகம் வாடிக்கொண்டே போனது. இப்திசாமோ மகளின் துணியை அப்படியே நம்பி, தண்ணீர் ஏறவில்லை என்று தண்ணீர் லாரிக்காரரை வரவழைத்துவிட்டாள். அவர் குழாயை மாடிவரை இழுத்துப் போய், தொட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழே குனிந்து கத்தினார்.

"ஏம்மா, தொட்டி தளும்பிக்கிட்டு நிக்குது. எங்க ஊத்தட்டும், உன் தலையிலயா?"

எதிர் வீட்டு ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. முன்திர் மகளுக்குத் துணையாக இருக்க நினைத்து, மிதப்பு விதியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார்.

"அப்படின்னா என்ன பாபா?" என்றாள் ரீமாஸ்.

அவர் மறுபடியும் அதையே ஒப்பித்தார்.

"அது சரி. என் பாட்டில் ஏன் மேல வரல?"

இருவரும் மாடிக்குப் போனார்கள். துணி உச்சியில் இருப்பதால் பாட்டில் அடியில் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் கயிற்றை இழுத்தாள். கனத்தது.

"இதுல யாரு கல்லு போட்டா?"

முன்திர் தொண்டையைச் செருமினார். "நான்தான் கண்ணு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

ரீமாஸ் அவரைப் பார்த்தாள். அழுவாள் என்று அவர் பயந்தார். அவள் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

பாட்டிலைக் கவிழ்த்தார்கள். கற்களோடு மணலும் போய்விட்டதால், வெளியே தொங்கிய கல் அதைக் கப்பிவரை தூக்கிவிட்டது. எத்தனை கல் போட வேண்டும் என்று அவர் கேட்டார். தெரியாது, போட்டுப் பார்க்கலாம் என்றாள். தெரியாது என்பதையும் ஒரு பதிலாகச் சொல்லலாம் என்பது முன்திருக்குப் புதிது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் போட்டார். திடீரென்று பாட்டில் தண்ணீருக்கு இறங்கியது. பாதி முங்கி நின்றது. கீழேயிருந்து இப்திசாமின் குரல் வந்தது: "துணி ஜன்னலுக்கு வந்துடுச்சு!"

அன்றைக்குத் துவைக்கும் நாள். அவள் போர்வைகளை அலச அலச, துணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ரீமாஸ் எல்லாவற்றையும் படம் பிடித்தாள், லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு முணுமுணுத்துப் போனதையும் சேர்த்து.

புதன்கிழமை மாலை படியில் தடதடவென்று காலடிச் சத்தம். எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தாய் என்றுதான் டீச்சர் எல்லோரிடமும் முதலில் கேட்டாராம். கருவியைக் கடையில் வாங்கி வந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ரீமாஸ் மணியடிக்கும்வரை பேசியிருக்கிறாள்.

"குழுவுல சேத்துக்கிட்டாங்க பாபா. கல்லு போட்டது யாருன்னும் கேட்டாங்க."

"சொன்னியா?"

"பேரைச் சொல்லல. படிச்சவர்னு மட்டும் சொன்னேன்."

அதற்குள் எதிர் வீட்டுக்காரி தனக்கும் ஒன்று வேண்டும், துணி பச்சையாக இருக்கட்டும் என்று கேட்டாள். முன்திர் கூழாங்கற்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.