மாமா பூசிய நீலம்

எங்கள் காத்தான்குடிப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் போனபோது வீட்டோடு ஒரு தோணியும், அதில் பூட்டிய பழைய எஞ்சினும் கிடைத்தன. "புதுசு மாதிரி" என்றார் என் மாமனார் கச்சி முகம்மது. மாதிரிதான். கலியாணத்துக்கு முன் எஞ்சினைப் பிரித்து, கை போன இடமெல்லாம் நீலப் பெயின்ட் அடித்திருந்தார். அழகு வந்துவிட்டது. ஸ்டாட் பட்டனை அழுத்தினால் மட்டும் "டக்" என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வராது.

மாமாவைக் கேட்டால் எஞ்சினில் பழுதே இல்லை. பழுது பற்றரியில், பிறகு வயரில், கடைசியில் என் விரலில். புதுப் பற்றரி வைத்தேன். டக். ஸ்டாட்டர் மோட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். டக். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மாமா முற்றத்தில் நின்று பொதுவாகச் சொன்னார். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு நான் என்ன சொல்ல? கயிற்றைச் சுற்றி இழுத்தே எஞ்சினை ஸ்டாட் பண்ணி மீனுக்குப் போய்வந்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

அப்போதுதான் சுற்றுலாக்காரரை வாவியில் கூட்டிக்கொண்டு திரியும் அன்ரோ ஒரு தோணி தேடினான். பட்டன் ஸ்டாட் கட்டாயம், கயிறு இழுத்து வெள்ளைக்காரர் முகத்தில் முழங்கையால் இடிக்கிற தோணி வேண்டாம் என்றான். அந்த வேலை கிடைத்தால் அந்த வீட்டில் நானும் ஓர் ஆள். எனக்கு அது வேண்டும், வெட்கமில்லாமல் வேண்டும்.

ஒரு தடித்த வயரைப் பற்றரியின் நெகடிவிலிருந்து நேரே எஞ்சின் உடம்பில் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்திப் பார்த்தேன். உடனே சுழன்றது. பற்றரியை எஞ்சின் உடம்போடு சேர்க்கும் எர்த் வயர் பூட்டும் இடத்திலும் மாமா தாராளமாகப் பெயின்டைப் பூசி, அதன்மேல் போல்ட்டை இறுக்கியிருக்கிறார். பெயின்டைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? யாரும் பார்க்காமல் அந்த இடத்தைச் சுரண்டிப் பூட்டினேன். ஒரே அழுத்தில் ஸ்டாட் ஆனது. மாமா சொன்னதுபோல எஞ்சினில் பழுதே இல்லை என்று அவரிடம் மரியாதையாக ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை அன்ரோ நாலு வெள்ளைக்காரரைத் தோணியில் ஏற்றினான். மாமாவும் அத்தர் வாசத்தோடு கரைக்கு வந்திருந்தார். பட்டனை அழுத்தினேன்.

டக்.

குனிந்து பார்த்தேன். போல்ட்டடியில் புது நீலம், இன்னும் காயவில்லை.

"அதில சுரண்டுப்பட்டுக் கிடந்திச்சி மருமகன்," என்றார் மாமா. "சுபஹு தொழுதுட்டு வந்து, கழட்டிப் பூசிப் பூட்டி விட்டன்."

அன்ரோ பக்கத்துத் தோணியைப் பார்க்கத் தொடங்கினான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வயரைக் கழற்றி, கத்தியை எடுத்து, மாமா பார்த்துக்கொண்டிருக்கவே அந்த நீலத்தை உலோகம் மினுங்கும்வரை சுரண்டினேன். திரும்பப் பூட்டி அழுத்தினேன். எஞ்சின் உறுமியது. வேலை எனக்கே என்று அன்ரோ பெருவிரலைக் காட்டினான். மாமா போய்விட்டார்.

மத்தியானம் நண்டுக்கறி. கலியாணமான நாளிலிருந்து நண்டின் பெரிய கால் மருமகனின் பீங்கானில்தான் விழும். அன்று அது மாமாவின் பீங்கானில் கிடந்தது. நான் என் மனைவி நஸீபாவைப் பார்த்தேன்.

"வாப்பாட பெயின்ட சுரண்டிப் போட்டு என்னை ஏன் பாக்கிறீங்க?" என்று வெறும் குழம்பை ஊற்றினாள்.

மாமா தலை நிமிரவில்லை. அந்த நண்டுக்காலை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

டக்.