புருசன் கையெழுத்து

குணலட்சுமி வீட்டுக் கூரையில் இருந்த ஓட்டையைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. வீடு வாங்கப் போகிறவளுக்கு ஓட்டை பெரிதாக இருந்தால்தானே வாயைத் திறக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆமி பிடித்த கீரிமலையில் கல்வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு வருசமாக மச்சாளின் மாட்டுக்கொட்டிலைச் சாக்கால் மறைத்து, இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு கிடந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும். நகைகள் விற்ற காசும் ஜேர்மனியில் இருக்கும் தம்பி அனுப்பியதுமாக எங்களிடம் இரண்டு லட்சம் இருந்தது. அதற்கு மேல் ஒரு சதம் கிடையாது.

வீடு நல்லூர்ப் பக்கம். ஷெல் விழுந்து முன் விறாந்தையின் ஓடும் அதைத் தாங்கிய பனை வளையும் நொறுங்கிவிட்டன. குசினிச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அறைக் கதவுகள் இரண்டையும் கழற்றிப் பின்வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்கு மூடியாகப் போட்டிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டேன். என் மனுசன் பரமலிங்கம் தங்கமான ஆள். விலை கதைக்க விட்டால் குடும்பம் நடுத்தெருவில்தான் நிற்கும். அதனால் வரும்போதே, வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

“மூண்டு லட்சம் எண்டு நினைச்சிருந்தனான் அக்கா,” என்றாள் குணலட்சுமி.

“நினைக்கலாம் பிள்ளை. ஆமிக்காரங்கள் சீமெந்து வரவிடுறாங்களே? கள்ளமா வாற ஒரு பைக்கு ஒரு மாசச் சம்பளம் கேக்கிறாங்கள். உந்தச் சுவரை நான் என்னத்தாலை கட்டுறது? ஒண்டு எண்பது தாறன்.”

“இரண்டாத் தாங்கோ அக்கா. கெதியாத் தந்தால் காணும்.”

மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே பாய்ச்சலில் இறங்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரையில் தொடங்கியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் அவசரத்தின் காரணத்தைச் சொன்னாள். அவளுடைய புருசன் தில்லைநாதன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சண்டை தொடங்கின நேரம் கொழும்புக்குப் போனவனை வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருசமாக ஒரு தகவலும் இல்லை. போன மாதம், தடுப்புக் காவலிலிருந்து வெளியே வந்த ஒருவன் அவனைத் தெற்கே ஒரு முகாமில் கண்டதாகச் சொல்லியிருக்கிறான்.

“உயிரோடை இருக்கிறார் அக்கா. கொழும்பிலை அப்புக்காத்து வைச்சு வழக்குப் போட்டால் ஆளை எடுக்கலாமாம். ஒண்டரை லட்சம் வேணுமாம். எனக்கு இந்த வீட்டை விட்டால் வேறை என்ன இருக்கு?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவத்துக்கென்று தனியாக விலை போட என்னிடம் காசில்லை. இரண்டுக்கு முடித்தோம்.

அடுத்த நாள் மூவரும் காணி, வீடு எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். அவர் வீட்டின் பழைய உறுதிப் பத்திரத்தை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உம்மடை சீதன வீடல்லோ பிள்ளை?”

“ஓம் ஐயா. என்ரை பேரிலைதான் இருக்கு.”

“பேர் உம்மடைதான். எண்டாலும் எங்கடை தேசவழமைச் சட்டப்படி புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் விக்கேலாது. ஆள் எங்கை?”

அவள் சொன்னாள். கோட்டில் நீதிபதியைக் கேட்டால் அனுமதி எடுக்கலாம் என்றார் அவர். சண்டையால் ஊர்க் கோடு பூட்டிக் கிடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் என் மனுசன் வாயைத் திறந்தார். “கையெழுத்தில்லாத வீட்டுக்கு நான் ஒரு லட்சம்தான் தருவன். நாளைக்கு அந்தாள் வந்து, என்னைக் கேளாமல் வித்தது செல்லாது எண்டால், நாங்கள் திரும்பவும் மாட்டுக்கொட்டிலுக்குத்தான் போகவேணும்.”

தங்கமான ஆள் என்று சொன்னேன் அல்லவா. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஒரு லட்சத்தோடு போனால் அப்புக்காத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. குணலட்சுமி கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தாள். நொத்தாரிசு தொண்டையைச் செருமினார்.

“இன்னொரு வழி இருக்கு. ஆள் மோசம் போட்டார், உயிரோடை இல்லை எண்டு சமாதான நீதவானுக்கு முன்னாலை சத்தியக் கடதாசி முடிச்சால், கைம்பெண் எண்டு எழுதி உறுதி முடிக்கலாம். கையெழுத்துத் தேவையில்லை.”

“அப்பிடியெண்டால் முழுக் காசும் தருவியளோ அக்கா?” என்று அவள் என்னைத்தான் கேட்டாள்.

“தருவம்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை குணலட்சுமி நொத்தாரிசு வீட்டுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. நொத்தாரிசு சங்கடப்பட்டார். சாட்சிக்காரர் பார்த்தால் என்ன நினைப்பினம் பிள்ளை என்றார். அவள் சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தாள். கொடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்துப் பூட்டினாள். நான் என் கொடியைச் சேலைக்குள் இழுத்து மறைத்தேன். நானும் தாலி கட்டிக்கொண்டவள்தானே.

சமாதான நீதவான் கடதாசியைப் பார்த்து, “எப்பிடிச் செத்தவர்?” என்று கேட்டார்.

“சண்டையிலை.”

“பிரேதம் எடுத்ததோ?”

“இல்லை.”

சத்தியம் செய்தாள். கைம்பெண் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். எங்கள் காசை எண்ணிப் பார்க்காமலே பைக்குள் திணித்தாள்.

நொத்தாரிசு வீட்டுப் படலை தாண்டியதும் வேலியோரமாக நின்று கொடியைத் திரும்பவும் கழுத்தில் போட்டாள். சின்னக் குங்குமச் சிமிழ் ஒன்றைத் திறந்து, கண்ணாடி இல்லாமலே பொட்டு வைத்தாள். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் விரலால் சரிசெய்து விட்டேன்.

“இரவைக்குக் கிளாலியாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போறன் அக்கா. அவர் கிடைக்கவேணும் எண்டு நீங்களும் கோயிலிலை நேர்ந்துகொள்ளுங்கோ.”

“ஓம் பிள்ளை. கட்டாயம்,” என்றேன்.

அவள் சைக்கிளில் ஏறிப் போனாள். நாங்கள் வெயிலில் நடந்தோம். உறுதியை மடித்து மடியில் செருகியிருந்த என் மனுசன் கொஞ்சத் தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“இஞ்சாரப்பா, அந்தக் கடதாசி பொய்யெண்டு ஆரும் காட்டேலுமே?”

“அந்தாள் உயிரோடை வந்து நிண்டால்தான் காட்டலாம்,” என்றேன்.

“இரண்டு வருசமாச்சு. இனி வரமாட்டான் எண்டுதான் நினைக்கிறன்.”

“உங்கடை வாய் அழுகப்போகுது. ஒரு பொம்பிளை தாலியைக் கழட்டிப் பூட்டினதைப் பாத்திட்டு வந்தோ இப்பிடிக் கதைக்கிறியள்?” என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. “அப்ப நீ என்னெண்டு நேரப்போறாய்?” என்று மட்டும் கேட்டார்.

அவன் கிடைக்கவேண்டும் என்று நான் அன்றிரவும் நேர்ந்துகொள்ளவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவள் போன காரியம் பலித்தால் என் பிள்ளைகளுக்கு வீடு இல்லை.