மூக்குக் கண்ணாடிக்கு இடமில்லாத ஹெட்செட்

முழங்கால் எலும்பு முறிந்து மூன்று மாதமாகச் செவிலிமேட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த பிரியதர்ஷினிக்கு, கண்களை மறைத்து மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் வாங்கலாம் என்று சொன்னதே கணவன் விமல்ராஜ்தான். உட்கார்ந்த இடத்திலேயே கடலும் மலையும் பார்க்கலாம் என்றான். காரில் சென்னைக்கு அழைத்துப்போய், கடையில் இரண்டு மாடல்களை மாட்டிப் பார்க்க வைத்தான். ஒன்றை அவளுடைய தடித்த மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே மாட்ட முடிந்தது. மற்றதில் படம் துல்லியம். ஆனால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அவளுக்கு எல்லாமே மங்கல். முதல் மாடலையே அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை வந்த பெட்டியில் இரண்டாவது மாடல் இருந்தது.

"நாம கேட்டது ஸ்டாக் இல்லியாம்," என்றான் விமல்ராஜ்.

அவன் வேலைக்குப் போனதும் அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"ஸ்டாக் இருக்குது மேடம். சார்தான் மறுநாளே போன் பண்ணி மாத்தச் சொன்னாரு," என்றாள் கடைப் பெண்.

சாயங்காலம் அவன் அதை மாட்டிக்கொண்டு கேம் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏன் மாற்றச் சொன்னான் என்று அவள் கேட்டாள். கழற்றாமலே பதில் சொன்னான்.

"ஃப்ரெண்ட்ஸுங்க எல்லாம் இதத்தான் வெச்சிக்கினு ஆடுறானுங்க. கால் சரியானா நீ எழுந்து போயிடுவ. அப்புறம் யாரு போடுறது?"

கடையில் கண்ணாடி இல்லாமல் அவள் தடுமாறியபோது கையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். அப்போதே முடிவு செய்துவிட்டானா?

"பில்லு என் பேர்ல இருக்குது. கடையில சொல்லிட்டேன், மாத்திக் குடுக்க நாளைக்கு ஆள் வருது."

அவன் அவசரமாக ஹெட்செட்டைக் கழற்றினான். "சரி, மாத்திக்கலாம். இதுக்குப் போய் கோச்சிக்கிறியேம்மா."

"ஸ்டாக் இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் ஹெட்செட்டைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தான். அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.