ஆரோக்கியதாஸ் பேரில் ஒரு ஜாவா

முனியப்பன் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போடும்போதே விநாயக்குக்குப் போன் வந்தது. வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பும் பெங்களூர் கம்பெனிக்காரர்.

"சார், பேப்பரெல்லாம் பாத்தேன். மோட்டார் சைக்கிளோட ஆர்.சி. எங்க?"

"அது அறுபத்தேழாம் வருஷத்து ஜாவாங்க. நான் வாங்கறப்பவே ஆர்.சி. இல்ல."

"உங்க பேர்ல ஆர்.சி. இல்லாம கப்பல்ல ஏத்த முடியாது சார்."

வண்டிக்கு மரப்பெட்டி அடிக்க அளவெடுத்திருந்த முனியப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். "இன்னா விநாயக், மரம் அறுக்கட்டுமா, வேணாமா?"

"ரெண்டு நாள் பொறுங்கண்ணே."

ரெண்டு நாள் என்று எந்தத் தைரியத்தில் சொன்னானோ. ஜெர்மனிக்கு விமானம் ஏற இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

வேலை கிடைத்தது அவனுக்கு இல்லை, ஷோபாவுக்கு. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள், ஆறு வருஷமாக விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பினாள். அந்த ரயிலிலேயே, நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும், ஜெர்மன் பாஷை படித்துப் பரீட்சையும் பாஸ் செய்துவிட்டாள். நூரம்பர்க்கில் ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டுவிட்டது. விநாயக் அவள் புருஷன் என்கிற விசாவில் போகிறான். ஃபேக்டரிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறையில் பதினாலு வருஷமாக லேத் மிஷினில் நின்றவன். "நீ அங்க போய் இன்னா பண்ணப் போற?" என்று தெருவில் பார்க்கிற எல்லோரும் கேட்டார்கள். "வண்டியும் கூட வருது" என்பான். கேட்டவர்களுக்கு அது பதிலாகத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது.

அந்த ஜாவாவை ஆண்டர்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே போட்டது நாலு வருஷத்துக்கு முன்னால். பிஸ்டன் துருவேறி அசையாமல் இருந்தது. பதினோரு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினான். கடையில் கிடைக்காத புஷ் வளையங்களை லேத்தில் தானே கடைந்தான். டாங்கின் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகும். ஸ்டார்ட் ஆனால் நிற்காது, நின்றால் ஸ்டார்ட் ஆகாது. ஒட்டவைத்தது எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் ஒரிஜினல் மாதிரியே இருக்கவேண்டும் என்று புத்தகத்துப் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான். கடைசியில் போன மாசம்தான் பூதிகோட்டை வரை ஓட்டிப் போய், ஒரு தடவைகூட நிற்காமல் திரும்பி வந்தான். மெரூன் கலர் பளபளக்க வாசலில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். ஷோபா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது ஆர்.சி.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு முதல் நாள் போனபோது சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார்கள். போட்டோவோடு போனால், பென்சில் வைத்துத் தேய்த்த காகிதம் வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை கிளார்க் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். டி. ஆரோக்கியதாஸ், கோரமண்டல்.

"அவர் உயிரோட இருக்காரா?"

"தெரியாது சார்."

"இல்லேன்னா வாரிசுங்க சைன் பேக்கு, வேணும்." கிளார்க் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகவே சொன்னார். அந்தப் பொறுமைதான் விநாயக்குக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் இவனும் கத்தியிருக்கலாம்.

தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் விசாரித்ததில், ஆரோக்கியதாஸ் மைன்ஸில் ஃபிட்டராக இருந்தவர், மைன்ஸ் மூடின ரெண்டாவது வருஷமே இறந்துபோனார் என்று தெரிந்தது. மகள் இன்னும் அதே வீட்டு வரிசையில்தான் இருக்கிறாளாம். லூயிசா மிஸ். ராபர்ட்சன்பேட்டை ஸ்கூலில் கணக்கு டீச்சர்.

கதவைத் திறந்த லூயிசா மிஸ்ஸுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்த கால்; வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவன் போனில் காட்டின வண்டிப் படத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க கெடச்சுது?"

"ஆண்டர்சன்பேட்டை, பழைய இரும்புக் கடையில."

"திருட்டுப் போயிட்ச்சுன்னு என் தம்பி சொன்னான்." போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "வால்டர். ஓசூர்ல கீறான். அவன்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நாளைக்கு வண்டிய எடுத்துகினு வாங்க. பாத்துட்டு சொல்றேன்."

மறுநாள் சாயந்திரம் அவன் வண்டியைத் துடைத்து, காற்றடித்து, கல்யாண மாப்பிள்ளையை அழைத்து வருகிற மாதிரி ஓட்டி வந்து அவள் வீட்டு முன்னால் நிறுத்தினான். லூயிசா மிஸ் வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். டாங்கைத் தொட்டாள், சீட்டைத் தொட்டாள். பிறகு இடது பக்கமாகக் குனிந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் ஃபிரேமைத் தடவிப் பார்த்தாள்.

"இது எங்கப்பா வண்டி இல்ல."

"மிஸ், சேஸிஸ் நம்பர் சரியா இருக்கு. ரிஜிஸ்டர்லயே பாத்தேன்."

"இங்க ஒரு படி இருக்கும். தரையிலருந்து இவ்ளோ ஒசரம்." கையை வைத்துக் காட்டினாள். "என்னால காலத் தூக்கி ஏற முடியாதுன்னு அப்பா வெல்டு வெச்சுக் குடுத்தது. அதுல நின்னுதான் ஏறுவேன். ஸ்கூல், டிரெயினிங் காலேஜ், எல்லாத்துக்கும் அதுல ஏறித்தான் போனேன்."

அந்தப் படியை விநாயக்குக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரெண்டு இரும்புத் தடிப்பட்டை, மேலே கால் வழுக்காதபடி வரிவரியாக இருக்கும் ஒரு செக்கர் தகடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அசிங்கம் இது, எந்த முட்டாள் இதை இங்கே ஒட்டவைத்தான் என்று திட்டிக்கொண்டே கட்டிங் வீலில் அறுத்துப் போட்டவன் அவன்தான். வெல்டு வலுவாக இருந்ததால் அரை நாள் பிடித்தது. தழும்பு தெரியாமல் ராவி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்ததில் அவனுக்கு ரொம்பப் பெருமையும்கூட.

"நான்தான் மிஸ் அறுத்தேன்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. கோவமெல்லாம் இல்ல. நேத்து வரைக்கும் இந்த வண்டி உலகத்துல கீதுன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்குக் கண்ணுல காட்டுறீங்க, நாளைக்குக் கப்பல்ல ஏத்தணும்ன்றீங்க. எப்டிப் போடுவேன்?"

வீட்டுக்கு வந்து சாவியை மேஜை மேல் எறிந்தான். ஷோபா சூட்கேஸை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷம் ஷோபா! குப்பையில கெடந்தத நான் எடுக்கலன்னா எப்பவோ உருக்கியிருப்பாங்க. இப்ப எல்லாருக்கும் உரிமை வந்துடுச்சு."

"எல்லாருக்கும் இல்லங்க. ஒருத்தருக்கு."

"நீயும் அந்தம்மா பக்கமா?"

"நான் யார் பக்கமும் இல்ல." அவள் தராசைக் கீழே வைத்தாள். "நாலு மாசமா வண்டி எப்டிப் போகும், வண்டி எப்டிப் போகும்னுதான் பேசறீங்க. நாம எப்டிப் போறோம்னு ஒரு வார்த்த பேசல. அங்க எனக்கும் யாரும் இல்ல. எனக்கும் பயமா இருக்கு."

அவன் வெளியே போய் வண்டிக்குத் துணி போர்த்தினான். நியாயமாகப் பேசுகிறவர்களாகவே சுற்றி நின்றால் ஒரு மனுஷன் யார் மேல்தான் கோபப்படுவது?

ஒரு வாரம் சும்மா இருந்தான். இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றால் வாரம் ஒரு தடவையாவது ஓட்ட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், டாங்கு மறுபடி துரு பிடிக்கும். கூட லேத்தில் நிற்கிற லாய்ட், "நான் ஓட்டறேன் மச்சான்" என்றான். ஆனால் பேப்பர் இல்லாத வண்டியை எத்தனை நாள் ஒளித்து ஒளித்து ஓட்டுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் லூயிசா மிஸ் வீட்டு வாசலில்தான் போய் முட்டியது.

எட்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் ஒரு தடிப்பட்டையை எடுத்து அறுத்தான். பழைய படியின் அளவு அவன் கைக்கே ஞாபகம் இருந்தது. செக்கர் தகடு வெட்டி, முனைகளைப் புடவை கிழிக்காதபடி உருட்டினான். ஃபிரேமில் அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டும்போதுதான் கை நின்றது. எட்டு கோட் அடித்த பெயிண்ட். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினான். லாய்ட் வெல்டு வைத்தான்.

அன்று சாயந்திரம் வண்டியை வாசலில் நிறுத்தியதும் லூயிசா மிஸ் படியைப் பார்த்தாள். கைத்தடியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்துக்காகவா இது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். "பாதி அதுக்குத்தான் மிஸ்."

"மீதி?"

"நான் அறுத்திருக்கக் கூடாது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவன் தோளைப் பிடித்து, இடது காலைப் படியில் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து ஏறி உட்கார்ந்தாள். கோரமண்டல் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினார்கள். வழியில் அவள் பேசியது ஒரே ஒரு தடவை, "கொஞ்சம் மெதுவா" என்று. திரும்பி வந்து இறங்கினபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. தூசி விழுந்திருக்கலாம்.

"வண்டிய அவன்தான் வித்தானாம், வால்டர் போன்ல எல்லாம் ஒத்துகினான்" என்றாள். "கையெழுத்தும் போடறானாம். என் பேருக்குத்தான் போடுவான். வெளிநாட்டுக்கு அனுப்ப நான் குடுக்க மாட்டேன். வண்டி இங்க இருக்கட்டும். என் பேர்ல ஆர்.சி. மாத்தறேன். நீங்க சொன்ன அந்த சிநேகிதர் வந்து ஓட்டட்டும். நீங்க லீவுல வர்றப்ப, எவ்ளோ நாள் இருக்கீங்களோ அவ்ளோ நாளும் நீங்களே ஓட்டுங்க."

"உங்க பேர்லயா?"

"அப்பா பேருக்கு அடுத்த பேர் அதான தம்பி?"

நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். டீசல் நாற்றத்தோடு சாப்பிட்ட சாப்பாடு. வேண்டாம், முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் வண்டி பேப்பர் இல்லாமல் துணிக்கடியில் கிடக்கும், அவ்வளவுதான். அவன் சாவியை அவள் கையில் கொடுத்தான். கொடுத்த கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். பெட்டி வேண்டாம் என்று முனியப்பனுக்கு அங்கிருந்தே போன் செய்தான்.

நூரம்பர்க்கில் மூன்றாவது மாசம். ஷோபா ட்யூட்டிக்குப் போயிருந்தாள். காலை பாஷை வகுப்பு முடிந்து வந்து, ஜன்னலோரம் நின்று அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். இன்னும் வேலை கிடைக்கவில்லை. பாஷை வந்தால் கிடைக்கும் என்றார்கள். பாஷை வருகிற வழியாக இல்லை.

போனில் படம் வந்தது. லூயிசா மிஸ் அனுப்பியிருந்தாள். ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் ஜாவா நின்றது, லாய்ட் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படத்தைப் பெரிசாக்கினான். பின் சக்கரத்துக்கு இடது பக்கம் சாரி கார்டு. பளபளவென்று, பூ வேலைப்பாடு போட்ட, எந்த மொபெட்டிலிருந்தோ கழற்றின கம்பி சாரி கார்டு.

ரத்தம் தலைக்கு ஏறியது. 'இத மாட்ட எங்க ஓட்டை போட்டீங்க? யார் போடச் சொன்னது?' என்று தட்டினான். அனுப்பவில்லை. அழித்தான். 'அது அந்த வண்டிக்கு உள்ளது இல்ல மிஸ்' என்று தட்டினான். அதையும் அழித்தான். அதற்குள் அவளிடமிருந்தே குரல் பதிவு வந்துவிட்டது.

"தம்பி, புடவை சக்கரத்துல மாட்டிக்கப் பாத்துச்சு, அதான் போட்டோம். இப்ப தெனம் இதுலதான் ஸ்கூலுக்குப் போறேன். ஆட்டோவ நிறுத்திட்டேன். ஷோபா சௌக்கியமா? நீங்க சாப்ட்டீங்களா?"

அவன் அதை ரெண்டு தடவை கேட்டான். தெனமா? தினம் ஓடினால் பிளக்கை மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யவேண்டும், ஆயில் கலவை கூடினால் சைலன்ஸர் அடைத்துக்கொள்ளும், இதெல்லாம் லாய்டுக்கு எங்கே தெரியப் போகிறது. மடித்த துணியைக் கட்டிலில் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

"மிஸ், சாப்ட்டேன்" என்று பதிவை ஆரம்பித்தான். "சாரி கார்டு போல்ட்டுக்கு அடியில ரப்பர் வாஷர் வெச்சாங்களான்னு லாய்டுகிட்ட கேளுங்க. வெக்கலன்னா பெயிண்ட் போயிடும். அப்பறம் பெட்ரோல் போடறப்ப…"

பதினோரு நிமிஷம் பேசினான்.