சாவி ஆஃபில் இருக்கணும்

"டார்ச்சைக் கொஞ்சம் நேராப் புடிங்க மாமா" என்றாள் அவள், காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தபடி.

மூத்தார், கணவனின் அண்ணன், கையை நகர்த்தினார். பாவம், டார்ச் பிடித்துப் பழக்கமில்லாத மனிதர்.

நேற்று சாயங்காலம் இதே இடத்தில் கணவன் படுத்திருந்தார், டார்ச் அவள் கையில் இருந்தது. "நேராப் புடி, அது போதும். மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்." அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். சாவியைத் திருகினால் மூச்சே விடாத காருக்குப் புது இக்னிஷன் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினார். கார் அப்போதும் அசையவில்லை. முறைத்துக்கொண்டே சாப்பிட்டார், படுத்தார். விடிந்ததும் எழுப்பினாள், எழவில்லை. இப்போது கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள்.

அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவாரா ஒரு மனுஷன்?

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குள் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் மூத்தார் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவது, காரைப் பழைய இரும்புக்குப் போடுவது. மூத்தாரின் மனைவி, அவள் ஓரகத்தி, அவளுடைய பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள்.

"காரும் ஓடாது, கூட ஆளும் இல்ல. இவ்வளவு ஒதுக்குப்புறத்துல தனியா எப்படிம்மா இருப்ப?" மூத்தார் அன்பாகத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"கார் ஓடுச்சுன்னா இங்கயே இருப்பேன். ஓடலேன்னா வாயைத் திறக்காம உங்ககூட வந்துடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்த்து வியர்த்துக் களைத்திருந்தார்கள். சுவிட்ச் கரண்ட் விடாத காரை எத்தனை பேர் தள்ளினால் என்ன?

பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றியிருந்தாள். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த மூடியைக் கணவன் நேற்றுத் திறந்தபடியே விட்டிருந்தார். பிளக்கை உருவி, இரண்டு சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் புது சுவிட்ச் கையில் வந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டாள். வாசலில் ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றார் மூத்தார்.

"சுவிட்ச்ல கோளாறே இல்ல மாமா. சாவியை ஆன்ல வெச்சுட்டு மாட்டியிருக்கார். சாவிப் பூட்டோட நாக்கு சுவிட்ச் பள்ளத்துல உக்காரவே இல்ல. சாவி பாட்டுக்குச் சுத்துது, சுவிட்ச் பாட்டுக்குத் தூங்குது. ஆஃப்ல வெச்சு மாட்டுங்கன்னு நேத்தே தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அவன் கேக்கலையா?"

"உங்க தம்பி என்னைக்குக் கேட்டார்?"

மூத்தாரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். டார்ச் வெளிச்சம் எங்கெங்கோ போனது. அது திரும்பி வரும்வரை அவள் காத்திருந்தாள்.

சாவியை ஆஃபுக்குத் திருப்பி, பள்ளத்தைப் பார்த்து சுவிட்சை அழுத்தினாள். நாக்கு உட்கார்ந்தது விரலுக்கே தெரிந்தது. ஸ்க்ரூ, பிளக், பேட்டரி ஒயர். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்குகள் எரிந்தன. இன்னொரு திருகலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்று கூடத்துப் பக்கம் திரும்பினாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவ்வளவு சுத்தமாக அவரிடம் அவள் ஜெயித்ததே இல்லை. ஒத்துக்கொள்ள அவர் இல்லை.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கத்துக்கல மாமா. அவர் தப்புத் தப்பாப் பண்றதப் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

அமரர் ஊர்தி வந்தது. அவரை ஏற்றினார்கள். ஓரகத்தி, யாரும் சொல்லாமலே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூத்தார் தன் காரை மகனிடம் விட்டுவிட்டு அவள் காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார்.

அவள் ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தாள். கிளட்ச் எட்டவில்லை. கணவனுக்கு நீளக்கால். அவள் ஓட்டிவிட்டு வந்தால், முணுமுணுத்துக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் ஏறுவார்.

"சீட்டை முன்னால இழுத்துக்கோம்மா" என்றார் மூத்தார்.

"இருக்கட்டும் மாமா. மெதுவாத்தானே போகப் போறோம்."

சீட்டின் நுனிக்கு நகர்ந்து, காலை எட்டி கிளட்சை மிதித்து, கியர் போட்டாள்.