மாமனாரின் பெயர்

என் மாமனாரின் பெயர் ஹிட்லர். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பெண் பார்க்க வந்த அன்று நானும் அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தவள்தான். எங்கள் பக்கத்தில் நேதாஜி உண்டு, லெனின் உண்டு, நெப்போலியன்கூட உண்டு. அந்த வரிசையில் இவர் ஒரு ஹிட்லர், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு கழுத்தை நீட்டினேன்.

அந்தப் பேர் வந்த கதையைக் கேட்டால் கோபப்படவும் முடியாது. மாமாவின் அப்பா கருத்தையா சிறுவயதில் மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்றில் கூலி வேலை பார்த்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரத் துரை அவரைப் பூட்ஸ் காலால் எட்டி உதைத்தானாம். அந்த வெள்ளைக்காரனையே நடுங்கவைக்கிற ஒருத்தன் தூர தேசத்தில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்து, எத்தனையோ வருஷம் கழித்து மகன் பிறந்ததும் அந்தப் பேரை வைத்துவிட்டார். அவன் வேறு யாரை என்ன செய்தான் என்று கருத்தையாவுக்குச் சொல்ல ஆளில்லை.

பேருக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாமா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் தறி ஃபிட்டர். அதட்டிப் பேசக்கூடத் தெரியாது. என் பிரசவத்துக்கு முன்பே அங்கிருந்து மெல்லிசுத் துணியாக வாங்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, பிள்ளைக்குத் துடைக்க ஆகும் என்று மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

நான் மாரீஸ்வரி. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் இரண்டாம் உலகப்போர் வரும். யூதர்களைக் கொன்று குவித்த பாடமும் அதோடு வரும். மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு வகுப்பில் ‘ஜெர்மனியின் சர்வாதிகாரி’ என்றே சொல்லிச் சமாளித்தேன். பேர் வருகிற பத்தியைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்வேன். அவர்களுக்குக் காரணம் தெரியும். குனிந்துகொண்டு சிரிப்பார்கள்.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் இந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. தலைப் பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பேர்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்பத்திரியிலேயே மாமியார் தங்கபாய் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, “எங்க வீட்டுக்காரவிய பேரு எடுக்க ஆளு வந்துட்டான்” என்றார். தொட்டிலில் போடுகிற அன்று மாமாவே பிள்ளையின் காதில் தன் பேரைச் சொல்வது என்று முடிவானது. என் கணவர் கௌதம்ராஜின் கூட்டாளிகள் ‘குட்டி ஹிட்லரே வருக’ என்று ஃப்ளெக்ஸ் அடிக்கவும் கொடுத்துவிட்டார்கள்.

தாய்வீட்டில் இருந்த என்னைப் பார்க்க வந்த கணவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அப்பா முன்னாடி நின்னு இதை எப்படிச் சொல்ல?” என்றார். “ரெக்கார்டுல அந்தப் பேரு இருந்துட்டுப் போகுது. எப்படியும் நீ மாமனார் பேரச் சொல்ல மாட்ட. வேற ஏதாவது செல்லப் பேரு வச்சுக் கூப்பிட்டுக்கோ.”

அதுவும் வழக்கம்தான். மாமனார் பேர் வைத்த பிள்ளையை ‘பெரியவனே’ என்றோ ‘ராசா’ என்றோ கூப்பிட்டே காலத்தை ஓட்டிய அம்மாக்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? இவனும் ஒருநாள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை வாசிப்பானே?

பாடத்துக்காக நான் செல்போனில் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஒரு யூதப் பெண் முள்வேலி ஓரமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்துபோகிறாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷமாக வகுப்பில் அதைக் காட்டியவள், பிள்ளை பெற்ற பிறகு அதைத் திறக்கவே பயந்தேன். என் மாரில் பால் குடிக்கிறவனை அந்தப் பேர் சொல்லி ஊர் கூப்பிடுவதை என்னால் தாங்க முடியாது. யார் கோபித்தாலும் சரி, அந்தப் பேர் இவனுக்கு ஒட்டக்கூடாது.

மறுநாள் தொட்டில் என்றிருக்க, மத்தியானம் மாமா தன் டிவிஎஸ் வண்டியில் தனியாக வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையை வாங்கினார். என் அம்மா பெத்தம்மாள் காபி போட உள்ளே போனாள்.

“ஏலே பேராண்டி, நாளைக்கு உங்காதுல எம்பேரைச் சொல்லப் போறேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

“மாமா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பேரு பிள்ளைக்கு வேண்டாம்.”

அவருடைய சிரிப்பு உடனே போய்விடவில்லை. “பழைய பேரா இருக்குன்னு பாக்கியா தாயீ?”

“பழசுங்கிறதுக்காக இல்ல. அந்த ஆளு செஞ்சதுக்காக.”

“வெள்ளைக்காரன எதுத்தான். அதான செஞ்சான்?”

“அது மட்டும் இல்ல மாமா.”

வகுப்பில் சொல்வதைப்போல் என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் யூதர்களின் கடையில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று வாசலில் ஆள் நிறுத்தியதைச் சொன்னேன். யூத வாத்தியார்களை வேலையை விட்டு அனுப்பியதையும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டியதையும் சொன்னேன். பிறகு பேரிலும் கை வைத்தார்கள். யூதன் என்று பேரைப் பார்த்ததும் தெரியாவிட்டால், ஆண் ‘இஸ்ரேல்’ என்றும் பெண் ‘சாரா’ என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிறக்கிற பிள்ளைக்குச் சர்க்கார் ஒதுக்கிய பேர்களில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

“அவங்களுக்குள்ளயும் தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உண்டு மாமா. நம்மள மாதிரிதான்.”

மாமா பிள்ளையிடமிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார். “பொறவு?”

“பொறவு ஊர் ஊராப் பிடிச்சு சரக்கு ரயில்ல ஏத்துனாங்க.”

“பஞ்சு பேல் ஏத்துற பெட்டியிலயா?”

“அந்த மாதிரிப் பெட்டிதான். குடிக்கத் தண்ணி கிடையாது. எறங்குன எடத்துல வேலைக்கு ஆகுறவங்களை ஒரு பக்கம் நிறுத்திக்கிட்டாங்க. வயசானவங்க, கைப்பிள்ளைக்காரி இவங்களை எல்லாம் குளிக்கப் போறீங்கன்னு சொல்லி உள்ள அனுப்பி, கதவைப் பூட்டி, விஷ வாயுவத் திறந்துவிட்டாங்க.”

“கைப்பிள்ளையையுமா?”

“தாயோட சேத்து மாமா. கொன்னது மொத்தம் அறுபது லட்சம் பேரு. அதுல பிள்ளைக மட்டும் பதினஞ்சு லட்சம் இருக்கும்.”

“அதுக என்ன செஞ்சுச்சு?”

“யூதனாப் பொறந்துச்சு. வேற ஒண்ணும் செய்யல.”

அவர் முகம் இறுகியது. “உன் புஸ்தகத்தை எழுதுனது யாரு? ஜெயிச்ச வெள்ளைக்காரன்தான? அவன் அப்படித்தான் எழுதுவான்.”

“அவனோட ஆளுகளே கோர்ட்டுல நின்னு ஒத்துக்கிட்டாங்க மாமா. தப்பிச்சு வந்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க.”

“அப்ப எங்கப்பன் என்ன, கூறு கெட்டவனா?”

“அவியளுக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சா வச்சிருக்க மாட்டாக.”

“ஊரே என்னை அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடுது. நான் யாரையாவது ஒரு அடி அடிச்சிருக்கேனா? நீயே சொல்லு.”

“நீங்க அடிக்கல மாமா. ஹிட்லர் கொன்னான்.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மாமனார் முகத்துக்கு நேராக, அவர் பேரை, அதுவும் ‘கொன்னான்’ என்று ஒருமையில் சொல்லியிருக்கிறேன். காபி டம்ளரோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத?” என்றாள்.

மாமா பிள்ளையைப் பாயில் மெதுவாகக் கிடத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருவர் எழுந்து போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா சாயங்காலம் வரை என்னை வாய் ஓயாமல் திட்டினாள். படிக்கவைத்தது தன் தப்பு என்றாள்.

விளக்கு வைத்ததும் கணவர் போன் செய்தார்.

“அப்பாகிட்ட என்ன சொன்ன? வந்ததுலருந்து சாப்பிடல. சேரைப் போட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. யாரு கேட்டாலும் பேசமாட்டேங்காரு. சமுத்திரம் சித்தப்பா, நம்ம ஆளுக ஒருத்தரும் நாளைக்குப் போகக்கூடாதுன்னு குதிக்காரு.”

“அப்ப நீங்க?”

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஆனாலும் பயந்தேன். வரமாட்டார்களோ என்ற பயம் ஒரு பக்கம். வந்து, நான் பேசியதற்கு வீம்பாகவே அந்தப் பேரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. சபையில் தாத்தா காதில் சொன்ன பேரை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

காலையில் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தெருமுனையில் ஃப்ளெக்ஸும் ஏறிவிட்டது. மாமா படத்துக்குக் கீழே ஏதோ ஒரு குழந்தையின் படத்தைப் போட்டுக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். இராஜபாளையத்துக்காரர்களை இன்னும் காணோம். எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு அம்மா வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வேன் வந்து நின்றது. மாமியார் சீர்த்தட்டோடு இறங்கினார். சமுத்திரம் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். கடைசியாக மாமா. ராத்திரி முழுக்கத் தூங்காத கண். என்னைப் பார்க்காமல் வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் என் பக்கம் வரவே இல்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாமா மடியில் கொடுத்தார்கள். குலவைக்குப் பெண்கள் தயாராக நின்றார்கள்.

“சொல்லுங்க” என்றார் மாமியார்.

மாமா பிள்ளையின் காதருகே குனிந்தார். அவருடைய உதடு அசையவே இல்லை. செத்த நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தார்.

“எம்பேரு என்னோட போவட்டும்” என்றார். “பிள்ளைக்கு வேற பேரு வைங்க.”

வீட்டுக்குள் சலசலப்பு. மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். சமுத்திரம் சித்தப்பா எழுந்தேவிட்டார்.

“என்னண்ணே பேசுத? ஒரு பொம்பளப் பிள்ள ஏதோ சொல்லுச்சுன்னு நம்மப்பா வச்ச பேரையா வேண்டாங்குத?”

“அப்பா தெரியாம வச்சுட்டாரு. நான் தெரிஞ்சே வைக்கணுமாலே?”

“தலைப் பேரன்ண்ணே. நாளைக்கு நீ போயிட்டா உம்பேரு சொல்ல ஒரு ஆளு வேண்டாமா?”

மாமா பிள்ளையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அவர் குரல் உயரவில்லை.

“பேரு சொல்ல ஆளில்லாமப் போன தாத்தமாரு அங்கன எம்புட்டுப் பேருன்னு நேத்துதாம்லே கேட்டேன். தாத்தனும் போயிட்டான், அவன் பேரு வச்ச பேரனும் போயிட்டான். அவங்களோட நானும் ஒருத்தனாப் போறேன்.”

மாமா எழுந்து வந்து பிள்ளையை என் மடியில் வைத்தார்.

“நீயே சொல்லு தாயீ” என்றார்.

மனசுக்குள் பல மாதமாக ஒரு பேர் வைத்திருந்தேன். பிள்ளையின் காதருகே குனிந்தேன். அழுகையில் எனக்குக் குரலே வரவில்லை. மாமா பக்கத்திலேயே நின்று காத்துக்கொண்டிருந்தார்.