எண்ணெ தேச்சாச்சு

அந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான். போன வருடம் ஜூலை மாதம், குற்றாலத்தில், ஐந்தருவியில். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுந்தேன், அபாயச் சங்கு ஊதிவிட்டார்கள். மலையில் மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர்கள் விசிலடித்துக் கூட்டத்தை விரட்டினார்கள். உள்ளூர்க்காரன் முதலில் அருவியைப் பார்ப்பான், பிறகுதான் எண்ணெய்க்கு உட்காருவான். சென்னையில் ஐந்து வருடம் நைட் ஷிஃப்டில் இருந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது. எல்லோரும் போன பிறகும் நான் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சாரலில் எண்ணெய் போகாது. அந்த உடம்பில் சட்டையும் போட முடியாது.

மாரிராஜ் போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டான். "ஏலே தாணு, எல்லாவனும் போயாச்சு. நீ என்னத்துக்குலே நிக்க?"

"எண்ணெ தேச்சாச்சுல்லா. இனி எங்கன போவ?"

நான் சிரிக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் சிரித்தார்கள் என்று பிறகு அவன் விளக்கினான்.

மாரிராஜ் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கேலிக்கென்று ஒரு இன்ஸ்டா பக்கமும் நடத்தினான். அந்தப் பதினோரு விநாடியை அதில் போட்டான். நாலாம் நாள் அது எங்கெங்கோ போய்விட்டது. அரியர் வைத்த இன்ஜினியரிங் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் கிரிக்கெட் அணியின் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடையநல்லூர் தாண்டி பிரேக்டவுன் ஆன பஸ்ஸில், இறங்கலாமா என்று கேட்டவரிடம் கண்டக்டர் அதைச் சொன்னார். அவருக்கு என் முகம் தெரியவில்லை. பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். சிக்கிக்கொண்டவன் தன்னைத் தானே கேலி செய்துகொள்ள ஒரு வாக்கியம். அவ்வளவுதான் அப்போது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, குத்துக்கல்வலசையில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு பெருமை இல்லை.

நாலைந்து மாதத்தில் அதன் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். 'எண்ணெ தேச்சாச்சு' மட்டும் மிஞ்சியது. விவாகரத்தான ஒரு பெண் படம் போட்டால் கீழே அது வரும். காதலித்துப் பிரிந்தவள், நிச்சயம் முடிந்து கல்யாணம் நின்றவள், யாராக இருந்தாலும் அதுதான். வேறொருவன் கை பட்டவள் என்று அர்த்தம். எழுதியவர்கள் பெரும்பாலும் மீசை சரியாக முளைக்காத பயல்கள். நான் மாரிராஜிடம், உன் பக்கத்தில் இதைக் கண்டித்து ஏதாவது போடு என்றேன். ஊர் வாய்க்குப் போனதை நாம் எப்படித் திரும்ப வாங்குவது என்றான். அவன் பக்கத்தை அந்த மாதம் புதிதாகப் பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

தை பிறந்ததும் எனக்கும் வித்யாலட்சுமிக்கும் நிச்சயமானது. அவள் புளியங்குடி. அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். இவள் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நிச்சயத்துக்கு மறுநாள் போனில் ஒன்று சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் திருவேங்கடம் ஊரில் ஒரு இடத்தில் அவளுக்குப் பேசி, பத்திரிகை அடித்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாத காரணத்தை ஊர் சொன்னது, பெண் சரியில்லை என்று.

"அப்பா மறைக்கச் சொன்னாங்க. எனக்கு மறைக்க முடியல. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. வேணும்னா, இது உங்களத் தாண்டிப் போகக் கூடாது."

போகாது என்றேன்.

அந்த வாரமே போனது. பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, பைக்கின் பின்னால் உட்கார்ந்து மாரிராஜிடம் சொன்னேன். கவலையில் சொன்னேன் என்றால் அது பொய். இப்படி ஒரு விஷயம் தெரிந்தும் நான் சரி என்று சொன்னேன், எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஒருவனுக்காவது தெரிய வேண்டியிருந்தது. அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே, நீ ஆம்பளைலே என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நண்பர்கள் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். மாப்பிள்ளைக்கு ஆயுள் தண்டனை, இளைஞர் கைது என்றெல்லாம் எழுதியிருக்கும். அடிக்கும் முன் மாப்பிள்ளை அதைக் கேட்டுப் பார்க்கக் கூடாது. கேட்டால் நண்பர்களை நம்பவில்லை என்று ஆகும். மாரிராஜ் டிசைன் செய்கிறான் என்று தெரியும். நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். பத்தடிக்கு எட்டடி. மேலே பெரிய எழுத்தில் 'எண்ணெ தேச்சாச்சு!' என் படத்துக்குக் கீழே 'முதல் தடவை'. வித்யா படத்துக்குக் கீழே 'ரெண்டாவது தடவை'. அடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஏழு முகங்கள், நடுவில் மாரிராஜ்.

பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கத்தி வாங்கினேன். கயிறுகளை அறுத்துக்கொண்டிருக்கும்போது மாரிராஜ் வந்தான். யாராவது போன் செய்திருப்பார்கள்.

"ஏலே, இன்னும் யாரும் பாக்கல. ஏன் அறுக்க?"

"நான் உன்ட்ட சொன்னத நீ ரோட்டுல எழுதி வச்சிருக்கே."

"சிரிப்புக்குலே. உன் டயலாக்தான? வித்யா பேரு கூடப் போடல பாரு."

"படம் போட்ருக்கே."

அவன் போனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினான். அந்தத் தள்ளலைப் பார்த்ததும் புரிந்தது. கையை நீட்டினேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தான். முந்தைய நாள் சாயங்காலமே டிசைனைத் தன் இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருந்தான். நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். கீழே ஒருவன் திருவேங்கடத்து மாப்பிள்ளையின் பெயரையே எழுதியிருந்தான். ஊர் பார்க்கவில்லை என்று அவன் சொன்னது ரோட்டில் இருந்ததை மட்டும்.

அவனை அடிக்கவில்லை. அடித்தால் நாங்கள் இருவரும் சமாதானமாகிவிடுவோம், எங்களுக்குள் அப்படித்தான் வழக்கம். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அழித்துவிடுகிறேன் என்றான். பதினெட்டு வருடம் இவன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இவனுடைய அம்மா ரெங்கம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருக்கிறேன். அவன் கண்ணில் தேடிப் பார்த்தேன். வருத்தம் இருந்தது. பதிவை அழிக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

ஒன்பது மணிக்கு வித்யா கூப்பிட்டாள். அப்பா கடைக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

புளியங்குடி மார்க்கெட்டில் ஏலம் முடியும் நேரம். லோடு ஆட்கள் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் நசுங்கிய பழம், மூக்கில் புளிப்பு ஏறியது. அவள் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். வா என்று சொல்லவில்லை. வித்யா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உங்க ஃப்ரெண்டுக்கு யாரு சொன்னா?"

வரும் வழியில் நாலு பதில் யோசித்து வைத்திருந்தேன். திருவேங்கடத்தில் யாராவது சொல்லியிருக்கலாம் என்பது அதில் நல்ல பதில். நம்பக்கூட நம்புவாள்.

"நான்தான்."

"எப்ப?"

"நீ சொன்ன வாரமே."

"போர்டு வச்சவர நான் பாத்ததுகூட இல்ல. அவரு எப்படிப் போனா எனக்கென்ன. உங்ககிட்டதான சொன்னேன்."

மாரிராஜ் என்னை ஏமாற்றிவிட்டான், அவனோடு இனிப் பேச்சே இல்லை என்றேன். சொல்லும்போதே அது அவளுக்கு எந்த விதத்திலும் தேவையில்லாத செய்தி என்று தெரிந்தது.

"போன தடவ அவங்க நிறுத்துனாங்க. இந்தத் தடவ நான் நிறுத்துதேன். காரணம் சொல்லாம நிறுத்துனா ஊரு மறுபடியும் என் தலையிலதான் வைக்கும். அதனால நீங்களே சொல்லணும். உங்க ஆளுங்களுக்கும் எங்க ஆளுங்களுக்கும். தப்பு யாருதுன்னு சொல்லணும்."

"சொல்லுதேன்."

"அதையாவது செய்ங்க," என்றாள். மூட்டைகளைத் தாண்டி அவள் அப்பா நின்ற இடத்துக்குப் போனாள்.

வீட்டில் அப்பா சண்முகநாதன் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லிவிடலாம் என்றார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர், எப்படி எழுதினால் யார் தலையிலும் விழாது என்று அவருக்குத் தெரியும். நீ உண்மையைச் சொன்னால் உனக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர். முதலில் சமையல்காரர் பிச்சுமணி அண்ணாச்சி, அவர் அன்று மதியம் காய்கறி வாங்கப் போவதாக இருந்தது. கல்யாணம் நின்றுவிட்டது என்றதும், அவர் குரலைத் தாழ்த்தி, பெண் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றார்.

"இல்ல அண்ணாச்சி. அந்தப் பிள்ள என்னை நம்பிச் சொன்னத நான் வெளிய சொல்லிட்டேன். அதனால அவ என்னை வேண்டாம்னுட்டா."

சரி தம்பி, என்றார். அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் இரண்டாவது பெயரின் எண்ணை அழுத்தினேன்.